ஒரு ஹாஸ்பிஸ் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

"கடைசி காலத்துல பார்த்துக்க நல்ல ஹாஸ்பிஸ் எதாவது இருந்தா சொல்லுங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டால், கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்து விழும். ஒன்று முதியோர் இல்லமாக இருக்கும். ஒன்று, 12 மணி நேர ஷிஃப்டுக்கு ஆள் அனுப்பும் ஹோம் நர்சிங் ஏஜென்சி. இன்னொன்று ஆதரவற்றோர் காப்பகம். நான்காவதாக ஒருவேளை நிஜமான ஹாஸ்பிஸின் பெயரும் வரும். அதைப் பற்றியும் "ரொம்ப சுத்தமா இருக்கும், சிஸ்டருங்க தங்கமானவங்க" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியாது.

சுத்தமும் வேண்டும், தங்கமான மனசும் வேண்டும். ஆனால் எலும்புவரை பரவிய புற்றுநோயோடு படுத்திருப்பவருக்கு இரவு 2 மணிக்கு வலி கிளம்பினால், அந்த இரண்டும் சேர்ந்தும் அதை நிறுத்தாது. நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறை ஓர் இடத்தில் நடக்கிறதா இல்லையா என்பதை மருத்துவம் படிக்காத நாமும் கண்டுபிடிக்கலாம். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

ஹாஸ்பிஸ் என்ன செய்கிறது

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

நோய் ஆதரவு சிகிச்சை என்பது, கடும் நோய் தரும் அவதியைக் குறைப்பதற்கான மருத்துவம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, பயம் எல்லாம் இதில் அடக்கம். ஆஸ்பத்திரிகளில் 'பாலியேட்டிவ் கேர்' என்பார்கள். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே, கீமோவோடு கூடவே இதையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஹாஸ்பிஸ் என்பது அந்த மருத்துவத்தின் கடைசிக் கட்டம். நோயை எதிர்த்துச் செய்யும் சிகிச்சையால் இனி நன்மையைவிடத் தொல்லையே அதிகம் என்று ஆன பிறகு, மிச்சமுள்ள வாரங்களையோ மாதங்களையோ வலியில்லாமல் கழிக்க உதவுவது. இதற்குப் படுக்கைகள் உள்ள கட்டடம் இருக்கலாம். வீட்டுக்கே வரும் செவிலியரும் மருத்துவரும் மட்டுமே கொண்ட குழுவாகவும் இருக்கலாம்.

இன்றைய ஹாஸ்பிஸ் முறையைத் தொடங்கியவர் லண்டனைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக இருந்து, மருத்துவ சமூகப் பணியாளராகி, அதற்குப் பிறகு மருத்துவம் படித்தவர். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். அவருக்கு முன்பும் இறக்கும் நிலையில் உள்ளவர்களைக் கன்னியாஸ்திரீகள் பரிவோடு பார்த்துக்கொண்ட இல்லங்கள் இருந்தன. சாண்டர்ஸ் கொண்டுவந்தது அந்தப் பரிவோடு சேர்ந்த மருத்துவம்: வலி வருவதற்கு முன்பே, கடிகாரம் பார்த்து மருந்து கொடுப்பது, நோயாளி சொன்னதை எழுதி வைப்பது, எழுதியதைப் பார்த்து மருந்தை மாற்றுவது. பரிவு மட்டும் உள்ள இல்லத்துக்கும் ஹாஸ்பிஸுக்கும் உள்ள வேறுபாடு இன்றைக்கும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ், மும்பையில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன். 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வேறொரு பாதையைப் போடத் தொடங்கினார்கள். கட்டடம் எழுப்பிக் காத்திருப்பதற்குப் பதில், ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளியின் வீட்டுக்குப் போகும் முறை அது. கேரளம் முழுக்கப் பரவி, 2008-ல் அம்மாநில அரசின் கொள்கையாகவே ஆனது.

சரி, ஹாஸ்பிஸ் என்று தவறாக நினைக்கப்படுபவை எவை? முதியோர் இல்லம் தங்குவதற்கான இடம்; அங்கே மருத்துவம் பக்கத்துணை மட்டும். ஆதரவற்றோர் காப்பகமும் அப்படியே. 2018-ல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஒரு கருணை இல்லம் பெரிய செய்தியாகி, அங்கிருந்தவர்களை அதிகாரிகள் வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அப்போது தொலைக்காட்சி விவாதங்களில் காப்பகம், முதியோர் இல்லம், ஹாஸ்பிஸ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசிக் குழப்பினார்கள். அந்தக் குழப்பம் பலர் மனதில் இன்னும் போகவில்லை. இன்னொரு குழப்பம், ஹாஸ்பிஸில் ஊசி போட்டு 'முடித்துவிடுவார்கள்' என்பது. இல்லை. ஹாஸ்பிஸ் சாவை விரைவுபடுத்துவதும் இல்லை, கருவிகளை மாட்டி இழுத்துப் பிடிப்பதும் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஹாஸ்பிஸ் என்பது ஒரு மருத்துவச் சேவை. அதன் வேலை அவதியைக் குறைப்பது. கட்டடம் இருப்பதும் இல்லாததும் இரண்டாம் பட்சம்.

கல்யாணச் சமையலும் மூன்று கேள்விகளும்

தரம் என்றால் என்ன என்பதற்கு வருவோம். வீட்டில் கல்யாணம். சமையல்காரரை எப்படி விசாரிப்போம்? எத்தனை ஆள் வருவார்கள், எத்தனை அடுப்பு, பாத்திரம் யாருடையது என்று முதலில் கேட்போம். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் அடுத்த கேள்வி வரும்: சோறு எத்தனை தவணையாக வடிப்பீர்கள், சாம்பார் ஒரே அண்டாவில் காலையிலேயே வைத்துவிடுவீர்களா? இதைவிட நல்ல விசாரணை, அவர் போன மாதம் சமைத்த கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தவரைக் கேட்பது. முதல் பந்திக்கு எல்லாரும்தான் நன்றாகப் பரிமாறுவார்கள்.

மருத்துவத்தின் தரத்தையும் இதே மூன்று கோணத்தில் பார்க்கலாம் என்று 1966-ல் எழுதியவர் அவேடிஸ் டொனபீடியன். லெபனானில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த மருத்துவர். அமைப்பு: ஆள், மருந்து, அனுமதி, கருவி என்று கையில் என்ன இருக்கிறது. செயல்முறை: இருப்பதை வைத்து நாள்தோறும் என்ன செய்கிறார்கள். விளைவு: நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆனது. இன்று உலகெங்கும் மருத்துவமனைத் தரம் பற்றிப் பேசுபவர்கள் இந்த மூன்று பிரிவையே பயன்படுத்துகிறார்கள்.

அமைப்பு சரியாக இருந்தால் செயல்முறை சரியாக இருக்க வாய்ப்புண்டு, ஆனால் உத்தரவாதம் இல்லை. செயல்முறைக்கும் விளைவுக்கும் இடையிலும் அப்படித்தான். அதனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நம்மில் பெரும்பாலானோர் அமைப்பின் ஒரு மூலையை, அதாவது கட்டடத்தை, மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அமைப்பு: மார்ஃபின் இருக்கிறதா, சாவி யாரிடம்?

கட்டடம், ஏசி, தோட்டம் எல்லாம் இருந்தால் சந்தோஷம். அதைத் தாண்டுவோம்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா? இந்த வருஷம் எப்போதாவது தீர்ந்துபோனதா?"

ஏன் இந்த ஒரு மருந்தை இவ்வளவு பிடித்துக்கொள்ள வேண்டும்? புற்றுநோயின் கடும் வலிக்குப் பாராசிட்டமாலும் டிக்ளோஃபினாக்கும் ஓர் எல்லைவரைதான். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிமுறையை வெளியிட்டது. சாதாரண வலி மாத்திரையில் தொடங்கி, போதாவிட்டால் படிப்படியாக மேலே போய், மூன்றாம் படியில் மார்ஃபின். அபினிலிருந்து எடுக்கும், விலை குறைந்த மருந்து. வாயால் விழுங்கினால் போதும், ஊசி வேண்டியதில்லை.

இந்தியாவில் அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் சட்டம். மருந்துக்காக அபின் பயிரிடச் சட்டப்படி அனுமதி உள்ள சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இங்கே விளைந்த அபின் வெளிநாடுகளுக்கு மருந்து தயாரிக்கப் போய்க்கொண்டிருந்தபோது, இங்குள்ள நோயாளி வலியில் துடித்துக்கொண்டிருந்தார். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஆஸ்பத்திரிகளிடம் பல உரிமங்களைக் கேட்டது. ஒன்றைப் புதுப்பித்து முடிப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகும். தலைவலி வேண்டாம் என்று பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையால் தொடாமலே படித்து முடித்தார்கள்.

2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உட்பட சில மருந்துகள் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்று தனியாகப் பிரிக்கப்பட்டன. அவற்றை வைத்துக்கொள்ள, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற ஒரே அனுமதி வாங்கினால் போதும். ஆகவே "அங்கீகாரம் வாங்கியிருக்கிறீர்களா?" என்பது நாம் கேட்கத் தக்க, நேராகப் பதில் சொல்லத் தக்க கேள்வி. 'ஆமாம்' என்றால் நல்லது. 'வேண்டும்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வாங்கிக்கொள்வோம்' என்றால், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். 'நாங்க அந்த மாதிரி மருந்தெல்லாம் கொடுக்கறதில்லை' என்று பெருமையாகச் சொன்னால், கடும் வலி உள்ள நோயாளியை அங்கே சேர்க்காதீர்கள். என் கருத்தில் இதில் இரண்டாவது யோசனைக்கு இடமே இல்லை.

பழக்கமாகிவிடுமே, மூச்சு நின்றுவிடுமே என்ற பயம் குடும்பங்களுக்கு உண்டு. வலிக்குத் தகுந்தபடி சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும்போது மூச்சை அடக்கும் ஆபத்து மிகக் குறைவு. போதைக்காக எடுப்பவருக்கு வரும் அடிமைத்தனம், வலிக்காக மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பவருக்கு அரிதாகவே வருகிறது. இதைப் பொறுமையாக உட்கார்ந்து விளக்குகிறார்களா என்பதே ஒரு சோதனைதான்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும்: "ராத்திரியில் மார்ஃபின் அலமாரி சாவி யாரிடம் இருக்கும்?"

இந்த மருந்தைப் பூட்டி வைத்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் கணக்கு எழுத வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் சாவி, மாலை 5 மணிக்கு வீட்டுக்குப் போய்விடும் மருத்துவரின் பையில் இருந்தால், இரவில் அங்கே மார்ஃபின் இல்லை என்றே பொருள். நல்ல இடத்தில் இரவுப் பணிச் செவிலியரிடம் சாவி இருக்கும். 'வலி கூடினால் இவ்வளவு கொடுக்கலாம்' என்று மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட குறிப்பும் இருக்கும். மருத்துவர் 24 மணி நேரமும் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதில்லை. போனில் கிடைக்க வேண்டும். அவர் எழுதியது படுக்கையருகே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் சேவை என்றால் சாவிக்குப் பதில் போன் எண். இரவில் அதை எடுப்பவர் நோயாளியின் பேரைக் கேட்டதும் விவரம் சொல்லக்கூடிய செவிலியரா, அல்லது 'காலைல சொல்லிடறேங்க' என்னும் வாட்ச்மேனா? ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு ஒருமுறை சும்மா கூப்பிட்டுப் பாருங்கள். பகலில் ஆயிரம் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அதில் அதிகம் தெரிந்துவிடும்.

செயல்முறை: நோட்டில் என்ன எழுதியிருக்கிறது?

மருந்து இருக்கிறது, ஆள் இருக்கிறார். அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது கட்டில் முனையில் தொங்கும் அட்டையிலோ வீட்டில் வைத்துவிட்டுப் போகும் நோட்டிலோ இருக்கும்.

நன்றாக எழுதிய ஒரு பக்கம் இப்படி இருக்கும். இடப்பக்கம் நேரம்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ 4 மணி நேரம்தான் நிற்கும், அதனால் இந்த இடைவெளி. இரவு 10 மணிக்கு எதிரே மட்டும் இரட்டை அளவு குறித்திருக்கும்; நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் தூங்கவிட அந்த ஏற்பாடு. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் வலியின் அளவு, பூஜ்யத்திலிருந்து பத்துவரை. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. எண்ணில் சொல்லத் தெரியாத பாட்டிக்கு முகப் படங்களைக் காட்டிக் கேட்டிருப்பார்கள். அடுத்து, இடையில் கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்தார்களா, கொடுத்தால் எத்தனை மணிக்கு. வேளை மருந்தையும் மீறி நடுவில் வெடிக்கும் இந்த வலிக்கு இடைவலி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் இடைவலிக்கு நாலைந்து தடவை கொடுக்க வேண்டி வந்தால், மறுநாள் வேளை மருந்தின் அளவையே கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டியிருக்கிறார்களா என்பது அடுத்த பக்கத்தில் தெரியும்.

மாறாக, எல்லா நாளும் 'நோயாளி நலம்' என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தாலோ, 'வலி இருந்தால் மட்டும்' என்று மருந்துச் சீட்டில் இருந்தாலோ யோசியுங்கள். வலி வந்து, அவர் முனகி, யாரோ கேட்டு, மருந்து எடுத்து, அது வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகி... இந்தச் சுழற்சியை ஒரு நாளில் ஐந்தாறு முறை அனுபவிக்க விடுவது மருத்துவமே ஆகாது.

இன்னொரு சின்ன அடையாளம், எனக்கு மிகவும் நம்பிக்கையானது: செவிலியர் "மோஷன் போனாங்களா?" என்று கேட்கிறாரா? மார்ஃபின் எடுக்கும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் மலச்சிக்கல் வரும், மற்ற பக்கவிளைவுகள் போல அது சில நாளில் பழகியும் போகாது. அதனால் மார்ஃபின் சீட்டிலேயே மலமிளக்கியும் சேர்ந்து வர வேண்டும். மார்ஃபின் எழுதிவிட்டு அதை மறக்கும் இடத்தில் பயிற்சி போதவில்லை. வலி தீர்ந்தும் வயிறு உப்பி அவதிப்பட்டு, "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று நிறுத்திவிடும் நோயாளிகள் உண்டு.

அப்புறம் வாடை. மார்பு, கழுத்து, வாய் ஆகிய இடங்களில் புற்றுப் புண் வெளியே தெரியும்படி இருப்பவர்களை அந்தப் புண்ணைவிட அதன் நாற்றம் அதிகம் ஒடுக்கும். பேரக் குழந்தை பக்கத்தில் வராது. நல்ல ஹாஸ்பிஸில் புண்ணைச் சுத்தம் செய்து, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப்போடுவார்கள். நாற்றத்துக்குக் காரணமான கிருமிகள் அதில் அடங்கும். செலவு சொற்பம், மாற்றம் கண்கூடு. ஒரு வார்டுக்குள் நுழைந்ததும் ஊதுபத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் தூக்கலாக மணந்தால், எதை மறைக்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன். படுக்கைப்புண்ணும் இப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதற்கு அட்டவணை இருக்கிறதா என்று கேளுங்கள், ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

உடம்பு மட்டுமே வலிப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், பேசாமல் போன தம்பி, 'நான் என்ன பாவம் செய்தேன்' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து வலியைக் கூட்டும். இந்த எல்லாவற்றையும் சேர்த்து 'முழு வலி' என்றார் சாண்டர்ஸ். அதனால்தான் ஹாஸ்பிஸ் குழுவில் சமூகப் பணியாளரும் தொண்டர்களும் இருக்கிறார்கள். மாத்திரை கூட்டியும் அடங்காத வலிக்கு, ஒருநாள் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டதில் வழி பிறப்பதுண்டு.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் இரண்டு சிக்கல்களை ஓர் இடம் எப்படிக் கையாள்கிறது என்பதையும் கவனியுங்கள்.

ஒன்று, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்." மோசமான இடம் இரண்டில் ஒன்று செய்யும்: குடும்பத்தோடு சேர்ந்து "சீக்கிரம் சரியாகிடும் தாத்தா" என்று பொய் சொல்லும், அல்லது போட்டு உடைக்கும். நல்ல இடத்தில் அப்பாவிடமே கேட்பார்கள்: "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க? இன்னும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கா?" பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கும், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவர் உங்களிடம் மறைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, "சாப்பிடவே இல்ல, ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது ஏத்துங்க." கடைசி நாட்களில் உடம்பு உணவையும் நீரையும் கேட்பதில்லை. ஏற்றிய நீர் கை காலில் வீக்கமாகவும் தொண்டையில் சளியாகவும் சேர்ந்து மூச்சைக் கஷ்டப்படுத்தக்கூடும். குடும்பத்தைத் திருப்திப்படுத்த மறுபேச்சில்லாமல் பாட்டிலை மாட்டுவதும் தவறு, "இனிமே என்ன பண்ணி என்ன" என்று கையை விரிப்பதும் தவறு. விவரத்தைச் சொல்லி, அம்மாவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருங்கள் என்று மகளிடம் ஒரு வேலையைக் கொடுப்பவர்களுக்குத் தொழில் தெரியும்.

இந்தப் பகுதியின் சாரம்: நேரத்துக்கு மருந்து, எண்ணில் எழுதிய வலி, எழுதியதைப் பார்த்து மாற்றிய அளவு, பக்கவிளைவுக்கு முன்னேற்பாடு, உண்மையை மென்மையாகப் பேசும் வழக்கம். இவை எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை.

விளைவு: எல்லாரும் இறக்கும் இடத்தில் வெற்றி எது?

இதய ஆஸ்பத்திரியை எடை போட, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பார்க்கலாம். ஹாஸ்பிஸில் அந்தக் கணக்கு செல்லாது. "அங்க போனவங்க யாரும் திரும்பி வரல" என்பது புகாராகவே ஆகாது. அப்படியானால் எதை எண்ணுவது?

இதில் அமெரிக்கா நெடுங்காலமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 1980-களிலிருந்து ஹாஸ்பிஸ் செலவை ஏற்கிறது. அரசுப் பணம் போவதால் கணக்குக் கேட்கும் கட்டாயம் வந்தது. லாப நோக்கில் நடத்தும் நிறுவனங்கள் பெருகியதால் அந்தக் கட்டாயம் இன்னும் கூடியது. அங்கே உருவான அளவுகோல்களில் சில நமக்கும் உதவும். சேரும்போது வலியால் அவதிப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு 48 மணி நேரத்துக்குள் வலி தாங்கும் அளவுக்கு வந்தது என்பது ஒன்று. கடைசி 3 நாட்களில் குறைந்தது 2 நாளாவது செவிலியரோ சமூகப் பணியாளரோ நேரில் போய்ப் பார்த்தார்களா என்பது மற்றொன்று. மூன்றாவது, இறப்புக்குச் சில மாதங்கள் கழித்துக் குடும்பத்தாருக்கு அனுப்பும் கேள்வித்தாள். அந்தக் கேள்வித்தாளின் முடிவுகளை யார் வேண்டுமானாலும் அரசு இணையதளத்தில் பார்க்கலாம்.

அந்தக் கேள்வித்தாளில் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. 'சேவை எப்படி இருந்தது?' என்று பொதுவாக மட்டும் கேட்டு அது விட்டுவிடுவதில்லை. மாலை நேரத்திலோ வார இறுதியிலோ விடுமுறை நாளிலோ உதவி கேட்டபோது கிடைத்ததா என்று குறிப்பாகக் கேட்கிறது. காரணம் எளிது. பொதுவாகக் கேட்டால் எல்லாரும் 'நல்லா பார்த்துக்கிட்டாங்க' என்றுதான் சொல்வார்கள். இலவசமாகச் செய்த இடத்தைக் குறை சொல்ல நம்மவர்களுக்கு மனசு வராது. சரியான சாட்சி சொல்லக்கூடிய நோயாளியோ உயிரோடு இல்லை. கூகுளில் உள்ள மதிப்புரைகளும் இதே சிக்கலில்தான் இருக்கின்றன. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் அன்பைப் பாராட்டியிருப்பார். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் 'ஐசியூ இல்லை, ட்ரீட்மென்ட்டே பண்ணல' என்று எழுதியிருப்பார். அவர் ஹாஸ்பிஸை ஆஸ்பத்திரி என்று நினைத்துச் சேர்த்தவர்.

இந்தியாவில் ஹாஸ்பிஸ்களை இப்படி ஒப்பிட்டுக் காட்டும் பொது இணையதளம் கிடையாது. ஆகவே மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தவரை நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே ஒருவரை இழந்த குடும்பத்தைத் தெரிந்தவர் மூலம் கண்டுபிடித்துப் பேசுங்கள். துக்க வீட்டில் கேட்கக் கூடாது, கொஞ்ச காலம் போகட்டும். கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். சேர்ந்த எத்தனையாவது நாளில் வலி அடங்கியது? ராத்திரி கூப்பிட்டபோது யார் வந்தார்கள்? கடைசி இரண்டு நாளில் என்னென்ன நடக்கும், மூச்சு எப்படி மாறும் என்று முன்கூட்டியே சொன்னார்களா? காரியம் முடிந்த பிறகு யாராவது போன் செய்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். குடும்பத்தின் துக்கத்தையும் பார்த்துக்கொள்வது ஹாஸ்பிஸின் வேலையில் அடக்கம்.

ஹாஸ்பிஸ் நிர்வாகத்திடமும் ஒன்று கேட்கலாம்: "வலி எத்தனை நாளில் அடங்குது என்று நீங்களே கணக்கு வைத்திருக்கிறீர்களா?" எண் பிரமாதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'எடுத்திருக்கோம், இந்த இந்த இடத்தில் குறை இருந்தது, இதை மாற்றினோம்' என்று சொல்பவர்களை நான் நம்புவேன். 'எங்க கிட்ட எல்லாரும் நிம்மதியா போயிருக்காங்க' என்று சொல்பவர்களிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன்.

பணமும் காகிதமும்

இங்கே ஹாஸ்பிஸ்களில் பெரும்பாலானவை அறக்கட்டளைகள் நடத்துபவை. பல இடங்களில் கட்டணமே கிடையாது. இலவசம் என்பதால் கேள்வி கேட்கக் கூடாது என்றில்லை, கட்டணம் உண்டு என்பதால் வியாபாரம் என்றும் இல்லை. எதற்கெல்லாம் பணம், மருந்து யார் செலவு, கூட ஒருவர் தங்க வேண்டுமா என்பதைச் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும். புற்றுநோயாளிகளை மட்டுமே சேர்க்கும் இடங்கள் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர், நுரையீரல் நோயாளி, மறதி நோய் முற்றியவர் ஆகியோருக்கு இடம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

வீட்டில் இறக்க நேர்ந்தால் மருத்துவச் சான்று யார் தருவார் என்பதையும் முன்னதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அந்தச் சான்று தேவைப்படும். வீட்டுச் சேவை தரும் நல்ல குழு, இதைச் செய்வோம் அல்லது செய்ய இயலாது என்று முதல் நாளே சொல்லும். நள்ளிரவில் டாக்டரைத் தேடி ஓட வைக்காது.

செயற்கை சுவாசம் போன்றவை வேண்டாம் என்று நோயாளி நினைத்தால், அதை எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி செய்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று வாங்கினால் போதும் என்றது. இந்தப் பேச்சை எடுக்கவே தயங்கும் ஹாஸ்பிஸ் எனக்குப் புரியாத ஒன்று.

பக்கத்தில் எதுவுமே இல்லையென்றால்?

பல மாவட்டங்களில் படுக்கை வசதியுள்ள ஹாஸ்பிஸ் கிடையாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலில் போக வேண்டியது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் அதில் உண்டு, அதற்கென்று செவிலியர்கள் இருக்கிறார்கள். மார்ஃபின் போன்ற மருந்துக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெரிய புற்றுநோய் மருத்துவமனையிலோ உள்ள வலி நிவாரணப் பிரிவில் ஒருமுறை பதிவு செய்துகொண்டு, வீட்டுப் பராமரிப்பை உள்ளூர்ச் செவிலியரோடு சேர்த்து நடத்தலாம். அப்போதும் கேள்விகள் அவையேதான்: மருந்து தொடர்ந்து கிடைக்குமா, வலியை யார் எழுதிப் பார்ப்பார்கள், ராத்திரி யாரைக் கூப்பிடுவது.

ஒன்று மட்டும் ஹாஸ்பிஸின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது: எப்போது போகிறோம் என்பது. ஐசியூவில் எல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசி இரண்டு நாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், மருந்தின் அளவைச் சரிசெய்யவே நேரம் இருக்காது. அந்த நோயாளி அங்கே யாருக்கும் பழக்கமாகியிருக்கவும் மாட்டார். சிகிச்சை தரும் மருத்துவர் "இனி கீமோ தாங்குமா தெரியல" என்று சொல்லும் வாரத்திலேயே முதல் போனைப் போட்டுவிடலாம். விசாரித்து வைத்ததற்காகச் சேர்ந்தாக வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.